லயத்துக்கு வந்த புரூஸ்லிகள்

கம்பும் வாளும் சுழற்றியே ஒரு மாநிலத்தைப் பிடித்தவர் பிறந்த ஊர் நாவலப்பிட்டி. 1917 ஜனவரி 17இல் எம்.ஜி.ஆர். பிறந்தது இங்கே. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகிற ரயில் இந்த ஊரில் சற்று இளைப்பாறிவிட்டுத்தான் மலை ஏறுகிறது. இறால் வடைக்காரர் ‘இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே’ என்று சிங்களத்தில் கூவிக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றதும் “வடை வேணுமா அண்ணே?” என்று தமிழுக்கு மாறினார். முகத்தைப் பார்த்து எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. எம்.ஜி.ஆர். பிறந்த வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். மலைப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

மலையகம் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாம் தேயிலை வாங்கி வரச் சொன்னார்கள். டொரொண்டோவில் இருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் வீடியோ கேசட் கேட்டார். அதுவும் சும்மா கேசட் இல்லை. 1970களிலும் 80களிலும் ஹாங்காங்கிலும் தைவானிலும் கொரியாவிலும் கையில் இருந்த காசுக்குள் எடுத்து முடித்து, ஆங்கிலத்தில் அவசரமாகக் குரல் கொடுத்து, ஏழை நாடுகளின் கொட்டகைகளுக்கெல்லாம் அனுப்பிய குங்ஃபூ படங்கள். இயக்குநர் பெயர் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். படத்தின் பெயரே மூன்று நான்கு இருக்கும். அவர் வீட்டின் நிலவறை முழுக்க இவைதான். குளிர்காலத்தில் அந்த அறையின் ஈரப்பதத்தை அவர் கவனிப்பதைப் பார்த்தால், கைக்குழந்தை உள்ள வீடு என்று தோன்றும்.

இந்தப் பைத்தியத்தை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன வரலாறு தேவை. குங்ஃபூ படம் என்றதும் நினைவுக்கு வருகிற பெரிய கம்பெனி ஷா பிரதர்ஸ். அவர்களுக்குச் சொந்த ஸ்டூடியோ, சொந்த நடிகர்கள், சொந்தத் தியேட்டர்கள். அந்தக் கம்பெனியின் 760 படங்களை 2000இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் வாங்கி, 2002 முதல் ஒவ்வொன்றாகத் துடைத்து மெருகேற்றி வெளியிட்டது. அதுவரை கீறலும் மங்கலுமாகப் பார்த்த படங்கள் கண்ணாடிபோல வந்துவிட்டன. வெறும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். என் நண்பர் மாதிரி ஆட்களுக்கு அன்றோடு ஷா பிரதர்ஸ் மேல் ஆசை விட்டுப்போனது. எல்லோர் அலமாரியிலும் இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பார். அவர்கள் கவனம் சின்னக் கம்பெனிகள் பக்கம் திரும்பியது. அந்தக் கம்பெனிகள் மூடிவிட்டன. நெகட்டிவைப் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. சில தைவான் படங்களுக்கு உலகத்தில் மிச்சமிருப்பது அடியில் கிரேக்க எழுத்து ஓடுகிற ஒரு வாடகை கேசட்தான். ஏதென்ஸில் அந்தப் பிரதியைத் தேடிப் பிடித்தவன் சேகரிப்பாளர்கள் நடுவில் ராஜா.

நண்பரின் கணக்கு இதுதான்: 80களில் இலங்கையின் வீடியோ கடைகளுக்குச் சரக்கு சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தது. மலை ஊர்களில் பொருளைச் சட்டென்று தூக்கி எறிய மாட்டார்கள். ஆகவே ஹட்டனில் எங்காவது ஒரு பரணில், வேறெங்கும் இல்லாத ஒரு பிரதி இருக்கலாம். அவர் அனுப்பிய பட்டியலை வாசித்தபோது பாதிப் பெயரில் ‘டிராகன்’ இருந்தது, மீதியில் ‘ஷாவோலின்’ இருந்தது.

வட்டவளையைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தேயிலை தவிர வேறொன்றும் இல்லை. அதன் அழகைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பச்சையைவிட, அதன் நடுவில் கோடு கிழித்ததுபோல நிற்கும் லயங்கள்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஒரு நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சில கூரைகளில் இப்போது டிஷ் ஆண்டெனா.

ஹட்டன் ஒரே தெருவைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக ஏறி இறங்குகிற ஊர். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி பஸ் பிடிப்பார்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு என்றால் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து சனம் வந்து தெரு நிரம்பிவிடும். வீடியோ கடைகளைக் கேட்டுக்கொண்டு நடந்தேன். கடை இருந்த இடங்களைச் சொன்னார்கள். ஒன்று இப்போது செல்போனுக்கு ரீலோட் போடும் கடை. இன்னொன்றில் பள்ளிக்கூட ஷூ விற்கிறார்கள். கடைசியாக ஒரு கண்ணாடிச் சட்டக் கடைக்கு அனுப்பினார்கள். சாமிப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு காலத்தில் வீடியோ டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு விட்டவர்.

“கெசட்டா? அதெல்லாம் பூசணம் புடிச்சி நாறிப் போச்சு தம்பி. ஒரு சாக்குல கட்டி வெச்சிருந்தேன். சுத்துற நாடா மேல வெள்ளவெள்ளயா மாவு பூத்த மாதிரி. எரிச்சுட்டேன்.”

நண்பருக்கு இதைச் சொன்னால் ஒரு வாரம் சாப்பிட மாட்டார். ஆனாலும் பெரியவரை விட்டுப் போக மனம் வரவில்லை. அவரும் விடுவதாக இல்லை. பக்கத்துக் கடைப் பையனை அனுப்பி பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பாணும் வரவழைத்தார்.

1977இல் இலங்கை இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. ஜப்பான் டி.வி.யும் டெக்கும் கொழும்புக்கு வந்தன. 1979இல் முதல் தொலைக்காட்சி நிலையமான ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி. அப்போது பெரும்பாலான லயங்களில் மின்சாரம் கிடையாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சல்லி சேர்ப்பார்கள். ஹட்டனிலிருந்து ஜெனரேட்டர், டி.வி., டெக், மூன்று படம் எல்லாம் லொறியில் போகும். கோயில் முன்னாலோ, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்திலோ மேசை போட்டு, அதன் மேல் இன்னொரு மேசை போட்டு டி.வி.யை ஏற்றுவார்கள். இருபத்தோரு அங்குலத் திரைக்கு முன்னால் தோட்டத்தின் ஒரு டிவிஷன் சனமே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“மொதல்ல சாமிப் படம், பொம்பளைங்களுக்கு. ரெண்டாவது எம்.ஜி.ஆரோ ரஜினியோ. மூணாவது ராத்திரி ரெண்டு மணிக்கு மேல. கெழடு கட்டயெல்லாம் போயிடும். அப்பத்தான் சைனாப் படம். அதுக்குன்னே பொடியன்மாரு தூங்காம காத்துக்கெடப்பானுங்க.”

படம் ஆங்கிலத்தில் பேசும். யாருக்கும் புரியாது. டெக்கோடு போகிற ஆள்தான் கதை சொல்லவேண்டும். “இவன் அப்பன அவன் கொன்னுட்டான். இப்ப இவன் ஆசான தேடிப் போறான்.” பெரியவருக்கும் ஆங்கிலம் தெரியாது. “ஒரே கதைதானே தம்பி” என்றார். “எந்தக் கெசட்டுக்கும் நான் சொன்ன கதை பொருந்தும்.”

உகாண்டாவின் கம்பாலாவில் இதே தொழிலுக்கு வி.ஜே. என்று பெயர். வீடியோ கொட்டகையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற படத்தின் மேலேயே கதை சொல்வது, கிண்டல் அடிப்பது, நாயகனை உசுப்பிவிடுவது எல்லாம் அவர் வேலை. அங்கே வகாலிகா என்ற சேரியில் ஐசக் நப்வானா என்பவர் 2010இல் ஒரு சண்டைப் படம் எடுத்தார். இருநூறு டாலர்கூடச் செலவாகவில்லை என்கிறார்கள். ‘ஹூ கில்டு கேப்டன் அலெக்ஸ்?’ என்ற அந்தப் படம் இன்று உலகச் சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. அதன் பிரதியிலேயே வி.ஜே. எம்மி என்பவரின் குரல் சேர்ந்து வருகிறது. ஹட்டன் பெரியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் சொன்ன கதைகள் ஜெனரேட்டர் சத்தத்தோடு போயின.

யார் யார் படமெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டேன். புரூஸ்லி என்றார். வேறு? புரூஸ்லிதான், எல்லாமே புரூஸ்லிதான் என்றார். நான் சிரிக்கவில்லை. அது நியாயமான பதில்.

புரூஸ் லீ 1973 ஜூலை 20இல் ஹாங்காங்கில் இறந்தார். வயது முப்பத்திரண்டு. அவர் நாயகனாக முழுதாக நடித்து முடித்த குங்ஃபூ படங்கள் நாலே நாலு. உலகம் முழுக்கக் கொட்டகைக்காரர்கள் ஐந்தாவதைக் கேட்டார்கள். தயாரிப்பாளர்கள் கொடுத்தார்கள். தைவானின் ஹோ சுங்-தாவ், புரூஸ் லீயை ஒத்த பெயரில் புரூஸ் லி ஆனார். பர்மாவில் பிறந்த ஒருவர் புரூஸ் லே ஆனார். கொரியாவிலிருந்து டிராகன் லீ வந்தார். 1977இல் வந்த ‘தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்’ படத்தில் செத்துப்போன புரூஸ் லீ பாதாள லோகத்துக்குப் போய் டிராகுலாவோடும் ஜேம்ஸ் பாண்டோடும் மோதுகிறார், பாப்பாய் அவர் பக்கம் நின்று சண்டை போடுகிறான். ‘தி குளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ’யில் விஞ்ஞானி ஒருவர் இறந்த உடலிலிருந்து உயிரணு எடுத்து மூன்று புரூஸ் லீக்களைச் செய்கிறார். இந்த வகைப் படங்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. 2023இல் ‘என்டர் தி குளோன்ஸ் ஆஃப் புரூஸ்’ என்று ஒரு ஆவணப்படமும் வந்தது. தமிழ்நாட்டு டூரிங் கொட்டகையில் இவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கும் யார் எந்த லீ என்று வெகுகாலம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. யார் நடித்தால் என்ன, சண்டை நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. நண்பருக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஹாங்காங்கின் ஐ.எஃப்.டி. நிறுவனத்துக்காக காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநர், தாய்லாந்திலும் கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் விலைபோகாமல் கிடந்த படங்களை வாங்குவார். ஒரு வெள்ளைக்கார நடிகரைப் பிடித்து, நிஞ்ஜா உடுப்பு மாட்டி, கொஞ்சம் காட்சி எடுப்பார். இரண்டையும் ஒட்டி, ஒரு படத்தின் ஆள் இன்னொரு படத்தின் ஆளோடு தொலைபேசியில் பேசுவதுபோலக் குரல் கொடுத்துவிடுவார். 1985இன் ‘நிஞ்ஜா டெர்மினேட்டர்’ படத்தில் ரிச்சர்ட் ஹாரிசன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ரகசியம் பேசுவது கார்ஃபீல்டு பூனை பொம்மைத் தொலைபேசியில். இத்தாலியில் நாயகனாக நடித்த மனிதர் அவர். சில படங்களுக்கு நடித்துக் கொடுத்தவர், தாம் ஒப்புக்கொள்ளாத பல படங்களிலும் தம் முகம் வருவதைப் பிற்பாடு கண்டார்.

சேகரிப்பாளர்களில் இரண்டு சாதி. ஒன்று, இந்தப் பூனைத் தொலைபேசிக்காகச் சேகரிப்பவர்கள். நண்பர்களைக் கூட்டி, பீர் ஊற்றி, வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள். எனக்கு இவர்களைப் பிடிப்பதில்லை. ஏழையின் கல்யாணத்துக்குப் போய்ச் சாம்பாரைக் குறை சொல்கிற புத்தி அது. இன்னொரு சாதி, சண்டைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்கள். இந்தப் படங்களில் காசு இல்லை. காசு இல்லாததால் தந்திரக் காட்சி இல்லை, விதவிதமான கோணம் இல்லை, வெட்டி வெட்டி ஒட்ட நேரம் இல்லை. ஒரு மைதானம், இரண்டு ஆள். கேமராவை ஓர் இடத்தில் நட்டுவிட்டு இருபது முப்பது அடி வரை ஒரே மூச்சில் எடுப்பார்கள். தப்பினால் உதைபடுவது நிஜ விலா எலும்பு. பீக்கிங் ஆபரா பள்ளிகளில் சின்ன வயதிலிருந்து பிரம்படி பட்டு உடம்பை வளைத்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பெரிய படத்தில் இவர்கள் பத்தோடு பதினொன்றாக விழுவார்கள். மலிவுப் படத்தில் இவர்கள்தான் எல்லாம். என் நண்பர், பூனைத் தொலைபேசி பிடித்தவர் என்றாலும், இந்த இரண்டாவது சாதி.

சட்டக் கடைப் பெரியவரிடம் எந்தக் காட்சிக்குக் கைதட்டல் அதிகம் என்று கேட்டேன். கடைசிச் சண்டைக்கு என்பார் என எதிர்பார்த்தேன். “ஆசான் வேல வாங்குற எடம்” என்றார்.

குங்ஃபூ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆசானிடம் சேர்ந்ததும் அடிமுறை எதையும் கற்றுத்தர மாட்டார். தண்ணீர் சுமக்கச் சொல்வார், விறகு வெட்டச் சொல்வார். 1978இன் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ இதன் உச்சம். வாளி இரண்டையும் கையை நீட்டியபடியே தூக்கி மேடேற வேண்டும். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் ஏறும். நம்மூரில் ‘பாயும் புலி’ 1983 பொங்கலுக்கு வந்தபோது ரஜினியும் இப்படித்தான் பயிற்சி எடுத்தார். எந்தச் சீனப் படத்தின் தயவு அது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கின் ஏழைக் கறுப்பினப் பையன்கள் 42ஆம் தெருக் கொட்டகைகளில் இதே படத்தைப் பார்த்துத்தான் பின்னால் பாட்டுக் கட்டினார்கள். வூ-டாங் கிளான் குழுவின் 1993 ஆல்பத்தின் பெயரிலேயே முப்பத்தாறு அறைகள் இருக்கின்றன.

தோட்டத்துச் சனம் அந்தக் காட்சிக்கு ஏன் தட்டியது என்று பெரியவர் விளக்கவில்லை. எனக்கும் கேட்கக் கூச்சமாக இருந்தது. மறுநாள் தலவாக்கலைப் பக்கம் ஒரு சரிவில் பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் சாக்கைத் தொங்கவிட்டு, நிற்கவே முடியாத சரிவில் நிற்கிறார்கள். இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகின்றன. கண் பார்ப்பது ஒரு செடியை, விரல் கிள்ளுவது இன்னொரு செடியை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ என்பது பரவலான கணக்கு. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவனைத் திரையில் பார்த்த கூட்டம் இது. ஆனால் அந்தப் படத்தில் சுமை தூக்கியவன் கடைசியில் ஆசான் ஆகிறான். முப்பத்தைந்து அறையைக் கடந்து, முப்பத்தாறாவது அறையைத் தானே கேட்டு வாங்குகிறான்.

மலிவுச் சண்டைப் படத்தில் மலையகம் வெறும் பார்வையாளர் இடத்தில் மட்டும் இருந்ததில்லை. இது நண்பரின் பட்டியலில் இல்லாத விஷயம்.

1963இலேயே ‘தோட்டக்காரி’ என்று ஒரு படம் இலங்கையில் வந்திருக்கிறது, 16 எம்.எம். ஃபிலிமில், தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்தியப் படங்கள் முன்போல வந்து குவியாத அந்த இடைவெளியில் உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1975இல் ‘புதிய காற்று’. தயாரித்து நாயகனாக நடித்தவர் வி.பி. கணேசன், மலையகத் தொழிற்சங்கத் தலைவர். மனோ கணேசன், பிரபா கணேசன் இருவரின் தந்தை. இயக்கம் எஸ். ராமநாதன். எழுதியவர் தெளிவத்தை ஜோசப். ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, லயத்து வாழ்க்கையை ஈரம் காயாமல் சிறுகதையாக்கியவர், 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர், 2022இல் மறைந்தார். நாயகன் தொழிற்சங்கத் தலைவர், எழுத்தாளர் தோட்டத்துப் பிள்ளை. ஹாங்காங்கில் இப்படி ஒரு கூட்டணி அமைந்திருந்தால் இன்று மூன்று புத்தகமும் ஒரு ஆவணப்படமும் வந்திருக்கும். கணேசன் 1978இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’ என்று மேலும் இரண்டு எடுத்தார். மூன்றிலும் அவரே நாயகன். பெயர்களைப் பார்த்தாலே நாவலப்பிட்டியில் பிறந்தவரின் நிழல் தெரிகிறது.

“‘புதிய காற்று’ படத்துல சண்ட உண்டுங்களா?” என்று தலவாக்கலைத் தேநீர்க் கடையில் இருந்த ஒரு வயதானவரைக் கேட்டேன்.

“சண்ட இல்லாம படமா? தொரைமாரோட நெசமாவே சண்ட போட்ட மனுசன். படத்துல சும்மா இருப்பாரா?”

அதற்குமேல் அவருக்குக் கதை நினைவில் இல்லை. கொட்டகையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், யாரோடு போனார், திரும்பி நடந்து வரும்போது மழை பெய்தது எல்லாம் சொன்னார். அவரோடு படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்தியா போய்விட்டார்களாம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. எழுபதுகளில் இந்த மலையிலிருந்து ரயிலேறியவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள்.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். கே. குணரத்தினம் என்ற தமிழருடையது. அவர் தயாரித்தவை பெரும்பாலும் சிங்களப் படங்கள். அந்த நெருப்பில் நெகட்டிவ்களும் போயின. 1989இல் குணரத்தினத்தையே சுட்டுக் கொன்றார்கள். இலங்கைச் சினிமாவுக்குப் பழைய பிரதிகளைக் காக்கும் பழக்கம் அதற்கு முன்பும் பெரிதாக இருந்ததில்லை. அசிடேட் ஃபிலிம் ஈரத்தில் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும். பிறகு சுருங்கும், முறுகும். அதைத் தடுக்கக் குளிர்ந்த, உலர்ந்த அறை வேண்டும், ஓயாமல் பணம் வேண்டும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ 2013இல் மீட்டெடுக்கப்பட்டு வெனிஸில் திரையிடப்பட்டது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ 2025இல் கான் விழாவுக்குப் போனது. நல்ல காரியங்கள். அந்த வரிசையில் ஒரு ‘புதிய காற்று’க்கும் யாராவது துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும். கலைப்படத்துக்கு அரசும் விழாக்களும் இருக்கின்றன. மலிவுப் படத்துக்கு எங்கேயும் சேகரிப்பாளன்தான் கதி. ஏதென்ஸில் ஒருவன், டொரொண்டோவில் ஒருவன் என்று வெறிபிடித்த ஆட்கள் இருந்ததால்தான் அந்தத் தைவான் படங்கள் பிழைத்தன. மலையகப் படத்துக்கு அப்படி ஒரு பைத்தியக்காரன் இன்னும் அகப்படவில்லை. கேசட்டுக்கு நூறு டாலர் கொடுக்கத் தயங்காத என் நண்பரிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ராமநாதனுக்கு ‘ரா’வா ‘இரா’வா?” என்று கேட்டார். குறித்துக்கொள்கிறார் என்று புரிந்தது.

நுவரெலியாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏப்ரல் கூட்டம் போய், கிரகரி ஏரியில் அன்னப் படகுகள் சும்மா மிதந்துகொண்டிருந்தன. வெள்ளைக்காரன் கட்டிய வீடுகளை ஓட்டலாக்கி அவன் விலையே வாங்குகிறார்கள்.

அங்கிருந்து திரும்பும் வழியில் நானுஓயாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இறங்கினேன். சட்டக் கடைப் பெரியவர் அனுப்பிய இடம். சிலம்பு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் சைனாப் படத்துக்கு முதல் ஆளாக உட்காருவார் என்று சொல்லியிருந்தார். மலையகத்தில் சிலம்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றாமல் நடக்காது. பொன்னர் சங்கரும் காமன் கூத்தும் ஆடிய மண், அடிதடிக்கு அன்னியமில்லை. ‘36த் சேம்பர்’ இயக்குநர் லாவ் கார்-லியுங்கின் அப்பா, லாம் சாய்-விங் என்ற ஆசானிடம் கற்றவர். அந்த லாம், வோங் ஃபெய்-ஹுங்கிடம் கற்றவர். இந்த வாத்தியாரும் அதேபோலத் தன் வாத்தியார், அவருக்கு வாத்தியார் என்று ராமநாதபுரம் ஜில்லா வரை சொல்லிக்கொண்டு போனார்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கெண்டைக்கால் மட்டும் கல். ‘36த் சேம்பர்’ பெயரைச் சொன்னதும் தெரியவில்லை. மூன்று துண்டுக் கம்பு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் படத்தில் நாயகன் இரட்டைக் கத்தி வைத்திருக்கும் மூத்த துறவியிடம் திரும்பத் திரும்பத் தோற்பான். கடைசியில் மூன்று துண்டைச் சங்கிலியால் கோத்த கம்பைத் தானே உண்டாக்கி ஜெயிப்பான். வாத்தியார் அதைப் பார்த்த வாரமே மூங்கிலை மூன்றாக அறுத்து, நாய்ச் சங்கிலியால் கோத்திருக்கிறார். சுழற்றிய முதல் சுற்றிலேயே மச்சானின் நெற்றி பிளந்தது. தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறதாம், மச்சான் பக்கத்து டிவிஷனில்தான் என்று கூப்பிட்டு அனுப்பப் பார்த்தார்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பேரன் போனில் தேடி அந்தச் சண்டையை எடுத்துவிட்டான். துடைத்து மெருகேற்றிய பிரதி. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். சற்று நேரம் கம்பு போகிற போக்கை வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

“இந்தப் பக்கம் நிக்கிறது யாருடா?”

“அந்த சாமியாரு தாத்தா. ரெட்டக் கத்தி.”

“நாங்க பாத்தப்ப இந்த ஆளு இல்ல. கத்தி மட்டும்தான் அப்பப்ப உள்ள வந்துட்டுப் போகும்.”

நான் விளக்க வேண்டியதாயிற்று. இந்தப் படங்களை எடுத்தது அகலத் திரைக்கு. கேசட்டுக்கு மாற்றும்போது டி.வி.யின் சதுரத்துக்குள் அடக்க இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். நூற்றில் நாற்பது பங்குக்கு மேல் போய்விடும். அடிக்கிறவன் திரையில் இருப்பான், வாங்குகிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்பான். சேகரிப்பாளர்களில் சிலர் பழக்கதோஷத்தில் இன்னும் அந்த வெட்டுப்பட்ட பிரதியைத்தான் விரும்புகிறார்கள் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை.

“அப்ப நாங்க பாதிப் படந்தான் பாத்தோமா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க ஐயா.”

பேரனிடம் போனைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவன் ஹட்டன்லதான இன்னும் கட வெச்சிருக்கான்? முழு வாடக வாங்குனானே.”